பங்கு இல்லத்துச் சமையலறை மேசை

(நமது பங்கின் பொன்விழாக் கூட்டத்தில், மேசை வேலையில் பங்குகொண்டோர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

 

கோவில் கட்டிய வரலாற்றைப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டோம். மணிக்கூண்டு எழும்பிய கதையையும், பள்ளிக்கூடம் வளர்ந்த கதையையும் மற்றவர்கள் சொன்னார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் மிகவும் சிறியது. பங்கு இல்லத்துச் சமையலறையில் கிடக்கும் ஒரு மரமேசை. ஆறடி நீளம், மூன்றடி அகலம், மேலே ஐந்து பலகை, கீழே நான்கு கால். அதற்கு நாங்கள் சாயமேற்றிய கதையைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம். "மேசைக்குப் போய் ஓர் உரையா?" என்று நீங்கள் சிரிக்கலாம். முதலில் நாங்களும் சிரித்தவர்கள்தாம்.

இந்த மேசை நம் பங்கின் வயதுடையது. தேக்கு வாங்க அன்று வசதியில்லை. மாம்பலகையை அறுத்து உள்ளூர் ஆசாரி செய்து கொடுத்தார். ஐம்பது ஆண்டுகளாகத் திருவிழா அசனத்துக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் நறுக்கப்பட்டது இதன்மேல்தான். இடையில் எப்போதோ யாரோ பச்சை எனாமல் பெயின்டைப் பூசிவிட்டார்கள். அது செதில் செதிலாய் உரிந்து, பார்க்கவே சகிக்காமல் கிடந்தது. பொன்விழா வருகிறது, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் மேசை வாங்கலாம் என்று பேச்சு எழுந்தது. பங்குத் தந்தைதான், "மரம் உளுத்துப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உளுக்காத மேசையைத் தூக்கிப் போடுவானேன்?" என்றார். ஆசாரி அண்ணாச்சி வந்து தட்டிப் பார்த்தார். ஒரு கால் மட்டும் ஆட்டம், மற்றபடி கல்லைப் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆகவே மார்ச் 19, தச்சராகிய புனித சூசையப்பரின் பெருவிழா நாளன்று மேசையைத் தூக்கிப் பள்ளி வராந்தாவில் போட்டோம்.

வேலைக்கு வந்தவர்கள் பதினோரு பேர். மேலத் தெருவிலிருந்தும் கீழத் தெருவிலிருந்தும் வந்தோம். அது முக்கியமா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

முதல் வேலை பச்சைப் பெயின்டைக் கழற்றுவது. உப்புத்தாளை எடுத்து அப்படியே தேய்க்க ஆரம்பித்தோம். அண்ணாச்சி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பழைய எனாமல் பெயின்டுகளில் ஈயம் கலந்திருக்கும். உலரத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். சிறு பிள்ளைகளுக்கு அது மூளை வளர்ச்சியையே கெடுக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதை நம்ப முடியாது. ஆகவே பிள்ளைகளை வராந்தாப் பக்கம் வரவிடாமல் அனுப்பினோம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பெயின்ட் ரிமூவர் தடவி ஊறவைத்துச் சுரண்டினோம். மிச்சத்தை வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தெடுத்தோம். சுரண்டிய கசடு ஒன்றையும் தரையில் விடாமல் பையில் கட்டினோம். உங்கள் வீட்டுப் பழைய கதவு, ஜன்னல், தொட்டிலைப் புதுப்பிக்கும்போது இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

பெயின்ட் போனதும் மரம் தெரிந்தது. ஐம்பது வருட எண்ணெயும் மஞ்சளும் அதில் ஊறியிருந்தன. எண்ணெய் இருக்கிற இடத்தில் சாயம் பிடிக்காது. ஆகவே சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவினோம். கழுவினதுதான் தாமதம், மேசையெங்கும் திட்டுத் திட்டாக இரத்தச் சிவப்பு! எங்களில் ஒரு தங்கை பயந்தே போனாள். வேறொன்றுமில்லை. மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் ஆரத்தி சிவப்பதைப் போல, மஞ்சள் கறையில் சோடாக்காரம் பட்டதும் சிவந்துவிட்டது. எலுமிச்சைச் சாறு கலந்த நீரால் துடைத்ததும் மீண்டும் மஞ்சளாகி, பிறகு நல்ல தண்ணீரில் கழுவக் கழுவ மங்கிப் போனது. மிச்சமிருந்த எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட் தொட்ட துணியால் எடுத்தோம். அடுப்பு எரியும் இடத்தில் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மேசை நன்றாக உலர்ந்த பிறகுதான் நாங்கள் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பக்கத்து மூன்று பலகைகளில் கத்தித் தழும்புகள் நிறைந்திருந்தன. நடுவிலும் ஓரத்திலும் எங்கும் வெட்டுக் கோடுகள். ஆனால் ஜன்னலை ஒட்டியிருந்த இரண்டு பலகைகளில் ஒரு வெட்டுக்கூட இல்லை. அவற்றில் வட்ட வட்டமாகக் கருகிய தடங்கள் மட்டுமே இருந்தன. அடிக்கரி பிடித்த பாத்திரங்களைச் சூட்டோடு வைத்த தடங்கள்.

எங்களில் இளையவர்களுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. மூத்த தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் மெதுவாகச் சொன்னார். ஒரு காலத்தில் அசனத்துக்குக் காய்கறி நறுக்கியவர்கள் ஒரு தெருவார். அவர்கள் உள்ளே மேசையருகே நின்றார்கள். பாத்திரம் கழுவியவர்கள் இன்னொரு தெருவார். அவர்கள் வெளியே தொட்டியருகே நின்றார்கள். சமைத்து முடிந்த பாத்திரத்தை ஜன்னலோரப் பலகையில் வைப்பார்கள். வெளியே நிற்பவர்கள் கையை நீட்டி எடுத்துக்கொள்வார்கள். ஒரே கோவிலில் ஒரே அப்பத்தை உண்டவர்கள்தாம் இப்படி நின்றார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் அப்படியே நடந்தது.

சகோதர சகோதரிகளே, இதைப் பொன்விழா மலரில் எழுதலாமா என்று நாங்கள் தயங்கினோம். எங்கள் பாட்டிமாரின் குறையைப் பறைசாற்றுவதாகாதா என்று பயந்தோம். யூபிலி என்பது விடுதலையின் ஆண்டு அல்லவா? பாவசங்கீர்த்தனம் செய்யாமல் யூபிலிப் பலன் அடைய முடியாது என்று நமக்குச் சிறு வயதிலேயே கற்பித்திருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறோம்.

தழும்புகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. இழைப்புளியால் இரண்டு நூல் கனம் சீவினால் வெட்டும் போகும், வட்டமும் போகும், புது மேசையாகிவிடும் என்று சிலர் சொன்னோம். அந்தக் காலத்தில் வெளியே நின்று பாத்திரம் கழுவிய ஆச்சி ஒருவர் இன்றும் நம்மிடையே இருக்கிறார். அவரையே அழைத்துவந்து காட்டினோம். பலகையை அவர் கையால் தடவிப் பார்த்தார். "அழிக்காதீங்க பிள்ளைகளா. அது கிடந்துட்டுப் போகட்டும். அழிச்சா நடக்கலன்னு ஆயிருமா?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாங்களும் இழைப்புளியைத் தொடவில்லை.

பெயின்ட் வேண்டாம், சாயம்தான் என்று நாங்கள் முடிவு செய்ததும் அப்போதுதான். பெயின்ட் மரத்தின்மேல் தோல்போல நின்று எல்லாவற்றையும் மூடிவிடும். சாயம் மரத்துக்குள் இறங்கும். ரேகை, கணு, தழும்பு எல்லாம் வெளியே தெரியும். சொல்லப்போனால் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஏனென்றால் வெட்டுப்பட்ட இடம் கூடுதலாகச் சாயத்தைக் குடிக்கும்.

நம் பகுதிக்கு இது புதிதல்ல. பத்தமடையில் கோரையைச் சாயத்தில் ஊறவைத்துப் பாய் நெய்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் கடைசல் சுழலும்போதே வண்ண அரக்கை அழுத்தி, அந்த உராய்வுச் சூட்டில் சொப்புச் சாமான்களுக்கு நிறமேற்றுகிறார்கள். நாங்கள் செய்ததும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான்.

இனி எந்த நிறம் என்று முடிவு செய்ய வேண்டும். ஐந்து பலகைக்கு ஐந்து நிறம் என்று உற்சாகமாக உட்கார்ந்தோம். ஒருவர் ஒரு நிறத்தைச் சொன்னார். உடனே மற்றொருவர், "அது அவங்க கலருல்லா?" என்றார். இன்னொரு நிறத்தைச் சொன்னோம். அதுவும் யாருக்கோ சொந்தமாக இருந்தது. இரண்டு நிறத்தை அடுத்தடுத்து வைக்கலாம் என்றால், அந்த ஜோடி ஒரு கொடியாகிவிடுகிறது. நம் மாவட்டங்களில் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறம்கூட இன்ன சாதி என்று சொல்லும் நிலை நாமறிந்ததே. 2023-இல் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர்க் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அக்குழு கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டிவருவதைத் தடைசெய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கடவுள் படைத்த நிறங்களில் ஒன்றுகூட பொதுவில் மிஞ்சவில்லையே என்று அன்று மாலை வேலையை நிறுத்திவிட்டு வருத்தத்தோடு வீடு திரும்பினோம்.

மறுநாள் திருப்பலியில்தான் எங்களுக்கு விடை கிடைத்தது. தவக்காலமாதலால் சாமியார் ஊதா உடையில் நின்றார். திருச்சபை ஆண்டு முழுவதும் உடுத்தும் நிறங்கள் இருக்கின்றனவே! பொதுக்காலத்துக்குப் பச்சை. திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா. பெந்தகோஸ்துக்கும், பெரிய வெள்ளிக்கும், வேதசாட்சிகளுக்கும் சிவப்பு. கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை. திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு, தவக்காலத்து நான்காம் ஞாயிறு ஆகிய இரண்டே நாட்களில் அணியலாகும் ரோஜா நிறம் ஐந்தாவது. இவற்றை எந்தத் தெருவும் தனதென்று சொல்ல முடியாது. வெள்ளைக்குச் சாயம் ஏது? நடுப்பலகையை மரத்தின் சொந்த நிறத்திலேயே விட்டுவிடுவது என்று தீர்மானித்தோம். எல்லாரும் நடுப்பலகையைக் கேட்டால் என்ன செய்வது என்ற சிக்கலும் அதோடு தீர்ந்தது.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறோம். வீட்டில் செய்துபார்க்க விரும்புவோருக்கு உதவும். முதலில் 80-ஆம் எண், பிறகு 120, பிறகு 180 என்று உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தோம். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் சாயத்தில் கோடாகத் தெரியும். பிறகு ஈரத்துணியால் துடைத்தோம். நீர் பட்டதும் மரத்தின் இழைகள் மீசைபோல எழுந்து நிற்கும். உலர்ந்த பின் 220-ஆம் எண் தாளால் இலேசாகத் தடவி அவற்றை நீக்கினோம். இதைச் செய்யாவிட்டால் சாயம் போட்ட பிறகு மேசை சொரசொரக்கும்.

நீரில் கரையும் சாயப் பொடியை, ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஏறத்தாழ 30 கிராம் என்று கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்தோம். மேசையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு நிறத்தையும் தடவிப் பார்த்தோம். அது நல்லதாயிற்று. மாம்பலகை இயற்கையில் சற்று மஞ்சள் கலந்தது. அதன்மேல் ஊதா பழுப்பாகிவிட்டது. நீலத்தைச் சற்றுக் கூட்டி, ஒரு முறை போட்டு உலர்ந்த பின் மறுமுறையும் போட்ட பிறகே ஊதாவாயிற்று. ஊதாவுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர், மலேரியாவுக்கான கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது தற்செயலாகக் கண்டதே உலகின் முதல் செயற்கைச் சாயம். அது ஊதாதான். அரசருக்கும் செல்வருக்கும் மட்டுமே எட்டியிருந்த நிறம் அதன் பிறகே எளியவர் கைக்கு வந்தது. ரோஜாவுக்குத் தனிப் பொடி வாங்கவில்லை. சிவப்பையே நிறைய நீர் விட்டுக் கலக்கினோம். மஞ்சள் மரத்தின்மேல் அது ரோஜாவாகாமல் இளஞ்செங்கல் நிறமாயிற்று. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு பலகையின் சாயம் அடுத்ததில் ஊறிப் பரவுமே என்ற கவலை இருந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு பலகை ஓரத்திலும் கூர்க்கத்தியால் மெல்லிய கோடு கீறி, அந்தக் கோட்டில் மெழுகு நீக்கிய அரக்குக் கரைசலைத் தூரிகையால் இழுத்துவிட்டார். அது வரப்புபோல நின்று சாயத்தைத் தடுத்தது. ஆனாலும் பச்சைக்கும் ஊதாவுக்கும் இடையில் ஓரிடத்தில் வரப்பு உடைந்து நிறம் கலந்திருக்கிறது. பார்த்தால் தெரியும். பலகையின் நுனிப்பகுதி சாயத்தை அதிகம் உறிஞ்சிக் கறுத்துவிடும் என்பதால், அங்கே முதலில் தண்ணீர் தொட்டு நனைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பலகைக்கும் இருவர். அந்த இருவரும் ஒரே தெருவினராய் இருக்கலாகாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட விதி.

சாயம் உலர்ந்ததும் எங்கள் மனம் உடைந்தது. நிறமெல்லாம் வெளிறி, சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது. குருத்து ஞாயிறன்று பார்த்தவர்கள், "இதற்குப் பழைய பெயின்டே தேவலையே" என்றார்கள். அண்ணாச்சி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் மெழுகு நீக்கிய அரக்கை மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசினார். தூரிகை போன இடமெல்லாம் நிறம் உயிர்பெற்று எழுந்தது. சிவப்பு சிவந்தது, பச்சை தளிர்த்தது. ஜன்னலோரப் பலகையின் கருவட்டங்கள் ஊதாவுக்குள் தெளிவாகத் தெரிந்தன.

அரக்கு மட்டும் போதாது. சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். சோப்புத் தண்ணீரும் அதற்கு ஆகாது. ஆகவே அதன்மேல் நிறமில்லாத பி.யு. வார்னிஷ் மூன்று பூச்சுப் பூசினோம். பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே 320-ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்தோம். பிறகு ஒரு வாரம் யாரும் எதையும் வைக்கவிடவில்லை. வார்னிஷ் துடைத்த துணிகளை உருட்டிக் குவித்துவைக்காமல், வெளியில் விரித்துக் காயப்போட்டோம். எண்ணெய் சேர்ந்த துணிகள் குவிந்து கிடந்தால் தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். இனி இம்மேசையில் கத்தியை நேராக வைக்கக் கூடாது. அரிவாள்மணையோ நறுக்கும் பலகையோ வைத்துத்தான் நறுக்க வேண்டும்.

மேசையை உள்ளே கொண்டுபோனோம். பழைய இடத்திலேயே, ஜன்னலை ஒட்டிப் போடப்போனோம். அண்ணாச்சி தடுத்தார். "சாயத்துக்கு வெயில் ஆகாது. ஜன்னல் பக்கம் போட்டால் இரண்டே வருஷத்தில் நிறம் ஓடிப்போகும். நடுவில் இழுத்துப் போடுங்கள்" என்றார். இழுத்துப் போட்டோம். அவர் சொன்ன காரணம் வெயில் மட்டுமே. ஆனால் சுவரோடு ஒட்டிக் கிடந்த மேசை நடு அறைக்கு வந்ததும், அதற்கு நான்கு பக்கமும் நிற்க இடம் உண்டாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக யாரும் நின்றிராத ஜன்னல் பக்கத்தில் இப்போது ஆறு பேர் நிற்கலாம்.

நேற்று இரவு பொன்விழா அசனத்துக்கு அந்த மேசையைச் சுற்றி நின்றுதான் காய் நறுக்கினோம். ஆச்சிக்கு நிற்க முடியாது. ஒரு நாற்காலி போட்டோம். ஊதாப் பலகையின் முன்னே அவர் உட்கார்ந்தார். அது அவராகத் தேர்ந்துகொண்ட இடம். முதல் கத்தரிக்காயை அவர் கையில் கொடுத்தோம். கத்தரிக்காயை நான்காய் வகிர்ந்து தண்ணீரில் போட்டுவிட்டு, "அடுத்ததைத் தா பிள்ளை, நேரமாகுதுல்லா" என்றார். அவ்வளவுதான். இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து நறுக்கினார்.

ஒரு மேசைக்குச் சாயம் போட்டதால் பங்கு ஒன்றாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் ஒரு சுவர் இருக்கிறது. திருமணப் பேச்சுகளில் இன்னும் ஒரு கேள்வி முதலில் கேட்கப்படுகிறது. அவற்றை உப்புத்தாளால் தேய்த்துவிட முடியாது. ஆனால் தேய்க்கத் தொடங்கும் கைகள் இரண்டு தெருவிலும் இருக்கின்றன என்பதை இந்தத் தவக்காலத்தில் கண்டுகொண்டோம். இன்று அசனத்தில் நீங்கள் உண்ணப்போகும் கூட்டு, அந்த மேசையின் நான்கு பக்கத்திலிருந்தும் வந்தது.

 நாசரேத்தில் மரத்தோடு உழைத்துத் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர் நம் பங்கையும் காப்பாராக. நூற்றாண்டு விழாக் காணும் நம் பிள்ளைகள் இம்மேசைக்கு மறுபடி சாயம் போட நேர்ந்தால், இழைப்புளியைத் தொடுவதற்கு முன் இந்தப் பக்கங்களை ஒருமுறை வாசிப்பார்களாக.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!